இலங்கை, 2022: விலையேற்றக் காலத்தில் நீங்கள் கண்டவை

மலைத்தூறல் (ஹட்டன்):
அந்த ஆண்டைப் பற்றி இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்ட செப்டெம்பர் மாதத்தில், கடையில் எனக்கு முன்னால் நின்ற தோட்டத் தொழிலாளிப் பெண் ஒருவர் கோதுமை மாவும் பருப்பும் கேட்டார். அவருடைய நாட்சம்பளம் 1,000 ரூபாய். ஒரு கிலோ மாவோ 400 ரூபாய்வரை ஏறியிருந்தது. பணம் போதாதென்று தெரிந்ததும் கடைக்காரர் தராசிலிருந்த பருப்பைப் பிடிபிடியாகச் சாக்குக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டே போக, அந்தப் பெண், "மாவுல மட்டும் கை வைக்காதீங்கண்ணே, பிள்ளைகளுக்கு ரொட்டி சுடணும்" என்றார். கோதுமை விலையை ஏற்றிய உக்ரேன் போர் எங்கள் ரொட்டிக்கல்வரை வந்துசேர்ந்த விதம் இதுதான்.

வரம்போரம் (கிளிநொச்சி):
எல்லாவற்றையும் உக்ரேனின் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. போர் தொடங்குவதற்கு முன்பே, 2021 மே மாதத்தில், இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடையை நீக்கியபோது காலபோகப் (மாரிக்கால நெல்) பயிர் உரமின்றி மஞ்சளித்துவிட்டது. அடுத்த மார்ச்சில் ரூபாயின் பெறுமதியும் சரிந்ததால், வெளியிலிருந்து வரும் மா, பருப்பு, பால்மா அனைத்தும் எட்டாத விலைக்குப் போயின. அந்தப் போகத்தில் அறுவடை இயந்திரத்துடன் வந்தவர் என் வயலில் ஒரு கதிரை உருவிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது டீசலுக்கும் காணாது" என்று சொல்லி வரம்பிலிருந்தே திரும்பிவிட்டார். உண்ணும் அரிசியையும் விலைக்கு வாங்க வேண்டியிருந்த எனக்கு, உலகச் சந்தையைப் பற்றிய பேச்சு சலிப்பையே தருகிறது.

கிணற்றடி (யாழ்ப்பாணம்):
பால்தேநீர் 100 ரூபாய் ஆனதும், எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் வழக்கமாகக் கூடும் முதியவர்கள் வெறுந்தேநீருக்கு மாறினார்கள். சிலர் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். என் அனுபவம் இவ்வளவுதான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: வீட்டுத் தோட்டம் செய்யுமாறு அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்ததை நாம் கேலி செய்திருக்கக் கூடாது. மரவள்ளித் தடியை மழைக்கு முன் ஊன்றுங்கள். வேலியோரம் முருங்கையை நட்டு, இடைவெளியில் பயற்றை விதையுங்கள். கோழிக்கூட்டின் எருவை ஆறவிட்டுப் போடுங்கள். பாத்திரம் கழுவிய நீரை வாழைக்குத் திருப்புங்கள். மாவை நம்பியிருக்கும் பழக்கத்தை மலையகத்தவரும் இப்படி மெல்லக் குறைத்துக்கொள்ளலாம்.

மலைத்தூறல் (ஹட்டன்):
நாங்கள் குடியிருக்கும் லயத்து (தோட்ட வரிசைவீட்டு) வாசலைத் தாண்டினால் தேயிலை நிரை தொடங்கிவிடுகிறது. அந்த மண் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கிறது. மரவள்ளியை எப்போது ஊன்ற வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும் ஐயா. எங்கே ஊன்றுவது என்று சொல்லுங்கள்.