முன்பு ஒப்புரவாகி, பின்பு வந்து

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன வாரம் தங்கச்சி ஒருத்தி கேட்டிருந்தா, அன்புதான் பெருசு பெருசுன்னு சொல்றீங்களே அண்ணா, காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் அது எங்க இருக்குன்னு. அந்தக் கேள்வி என்னை விடல. கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

அன்பைப் பத்தி பைபிள்ல வர்ற 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தை கல்யாணத்துலயே கேட்டுக் கேட்டு மாப்பிள்ளை பொண்ணுக்கு எழுதுன வாழ்த்து மாதிரி ஆயிடுச்சு நமக்கு. பவுல் அதை கி.பி. 55 வாக்குல எபேசுல இருந்து எழுதுனது, அடிச்சுக்கிட்டு நின்ன கொரிந்து சபைக்கு. நான் பவுல் பக்கம், நான் அப்பொல்லோ பக்கம்னு பிரிஞ்சு நின்னாங்க, விசுவாசியே விசுவாசி மேல கோர்ட்டுக்குப் போனான், கர்த்தருடைய பந்தியிலயே ஒருத்தன் பசியோட இருக்க இன்னொருத்தன் குடிச்சு வெறிச்சுக் கிடந்தான். பரிசுத்த ஆவி குடுக்குற வரத்துக்கு அங்க பஞ்சமே இல்ல. அந்த ஆளுங்களப் பாத்துதான் அன்பு இல்லன்னா நான் சத்தமிடுகிற வெண்கலம்னு எழுதுறாரு.

அதுல "தீங்கு நினையாது"ன்னு வருது பாருங்க, கிரேக்கத்துல அந்த இடத்துல இருக்குற வினைச்சொல் கணக்கு வழக்குல புழங்குன சொல். பேர்ல பற்று வைக்கிறதுன்னு, அதாவது பாக்கின்னு கணக்குல எழுதி வைக்கிறதுன்னு நாம சொல்றோமே, அதேதான். எனக்கு நீ செஞ்ச கெடுதலை அன்பு பற்று வைக்காது. இங்கதான் நான் மாட்டுனேன், ஏன்னா நான் நெசமாவே கணக்கு கேட்டவன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அண்ணன்கிட்ட போன்ல கேட்டேன், மாசாமாசம் அம்மாவுக்கு அனுப்புற பணமெல்லாம் எங்கதான் போகுதுன்னு. அவன் ஒண்ணும் சொல்லல, போனை வச்சுட்டான். அதோட பேச்சு நின்னுபோச்சு. நான் தினமும் ஜெபம் பண்ணுவேன், ஞாயித்துக்கிழமை தவறாது, சனிக்கிழமை ஜூம்ல ஜெபக்கூட்டம் நடத்துறதும் நான்தான். என் மனசுல நான் நல்லாத்தான் இருந்தேன், அவன்தான் கோவிச்சுக்கிட்டான்.

ஒரு சனிக்கிழமை இதே 13ஆம் அதிகாரத்தைப் பேசணும்னு உக்காந்து குறிப்பெடுத்துக்கிட்டிருந்தேன். வாட்ஸப்ல அண்ணன் அனுப்புன நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு பதினோரு நாளா கேக்காம கிடந்துச்சு. சண்டைக்குத்தான் அனுப்பியிருப்பான்னு தொடவே இல்ல. அன்னைக்கு என்னமோ தோணி கேட்டேன். பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "அம்மா ராத்திரி தூங்க மாட்டேங்குறாடா, எந்திரிச்சு வெளிய கிளம்பிடுறா, நான் வாசப்படியில குறுக்க படுத்துக்குறேன், என்னைத் தாண்டித்தானே போகணும், அப்ப முழிச்சுக்குவேன்"னு சொல்றான். எத்தனை மாசமாப்பா இப்பிடின்னு கேக்கக்கூட நான் பேச்சுல இல்ல.

மத்தேயு 5:23, 24ஐ அப்பதான் ஒழுங்கா படிச்சேன்னு சொல்லணும். காணிக்கை செலுத்த வந்த இடத்துல "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கயே வச்சுட்டுப் போன்னு இருக்கு. எனக்கு அவன் மேல குறைன்னு இல்ல, அவனுக்கு என் மேல குறைன்னு இருக்கு. இயேசு இதைச் சொன்னது கலிலேயாவுல. காணிக்கை செலுத்துற பலிபீடம் இருந்தது எருசலேம்ல, நூறு கிலோமீட்டருக்கு மேல, நடந்தா மூணு நாலு நாள். அவ்வளவு தூரம் வந்தவனைத்தான் திரும்பிப் போய் பேசிட்டு மறுபடி வான்னு சொல்றாரு. முன்பு சகோதரன், பின்பு காணிக்கை. தங்கச்சி, அன்பு முதல்ல வர்றதுன்னா எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இதுதான், அந்த நாள்ல எதை முந்திச் செய்யுறோம்ங்குறதுதான்.

ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், அடிக்கிற புருஷன்கிட்ட திரும்பிப் போன்னு சொல்றதுக்கு இந்த வசனத்தை எடுக்குறவங்க இருக்காங்க, அது தப்பு. அதே 13ஆம் அதிகாரத்துல அன்பு அநியாயத்துல சந்தோஷப்படாதுன்னும் இருக்கு. அடி வாங்குறவங்களை அங்கேருந்து வெளிய கொண்டுவர்றதுதான் அன்பு.

அன்னைக்கு ஜெபக்கூட்டத்தை வேற ஒருத்தரை ஆரம்பிக்கச் சொல்லிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். நான் கணக்கு கேட்டது தப்புண்ணான்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அம்மா முழிச்சிருக்கா, பேசுறியா"ன்னான்.

இப்ப ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம். அங்க ராத்திரின்னா எனக்குப் பகல். வாரத்துல ரெண்டு நாள் அம்மா கட்டிலுக்கு எதிர்ல போனை நிறுத்தி வீடியோ கால்ல விட்டுட்டு அண்ணன் உள்ள போய் தூங்குவான், நான் வேலை பாத்துக்கிட்டே ஒரு கண்ணை அதுல வச்சிருப்பேன். அம்மா வாசல் பக்கம் போனா அவனோட இன்னொரு நம்பருக்கு அடிச்சு எழுப்பிடுவேன். போன வியாழக்கிழமை ரெண்டு தடவை எந்திரிச்சா. அம்மான்னு கூப்பிட்டதும் திரும்பிப் பாத்து, "நீ இன்னும் தூங்கலையா"ன்னு கேட்டுட்டு மறுபடி போய்ப் படுத்துக்கிட்டா. அண்ணன் காலைல ஆறு மணிக்குத்தான் எந்திரிச்சான்.