மைன்கிராஃப்ட் ஆடினால் 20 நிமிடத்தில் குமட்டல்: என்ன செய்யலாம்?

கேள்வி:
என் மகனுக்கு 9 வயது. அவனோடு சேர்ந்து ஆடலாம் என்று லேப்டாப்பில் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டின் ஜாவா பதிப்பைப் போட்டேன். 20 நிமிடம்கூடத் தாங்குவதில்லை. நெற்றி வியர்த்து வயிற்றைப் புரட்டுகிறது, படுத்தால்தான் அடங்குகிறது. அவன் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இன்னும் சீக்கிரம் வந்துவிடுகிறது. கொடைக்கானல் பஸ்ஸிலும் எனக்கு இப்படித்தான். "நாளைக்கும் வருவியாம்மா?" என்று கேட்கிறான், விட மனமில்லை. வழி உண்டா?

பதில் 1:
உண்டு அக்கா, எனக்கும் இதே தொல்லை இருந்தது. நாம் நகர்வதாகக் கண் சொல்கிறது. அசையாமல் உட்கார்ந்திருப்பதாகக் காதின் உட்பகுதி சொல்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாகிறது. மலைப்பாதையில் டிரைவருக்குப் பெரும்பாலும் வாந்தி வராது, பின்சீட்டில் இருப்பவருக்கு வரும் அல்லவா? அடுத்த வளைவு எப்போது என்று அவர் உடம்புக்கு முன்பே தெரியும். அதனால் மவுஸ் உங்கள் கையில் இருப்பதே நல்லது.

முதலில் வீடியோ செட்டிங்ஸில் 'வியூ பாபிங்'கை அணையுங்கள். நடக்கும்போது திரை குலுங்குவது அதனால்தான். அப்புறம் பார்வைக் கோணம், அதாவது எஃப்ஓவி, 'நார்மல்' என்று இருக்கும், அது 70. 80, 90 என்று கூட்டிப் பாருங்கள். ஓடும்போது அது தானாக விரியும், அக்சஸிபிலிட்டி பக்கத்தில் 'எஃப்ஓவி எஃபெக்ட்ஸ்' என்பதைப் பூஜ்யமாக்கினால் நிற்கும். அறையில் லைட் எரியட்டும், திரை ஒரு கை தூரம் தள்ளி இருக்கட்டும்.

பதில் 2:
லேசாகப் புரட்டும்போதே நிறுத்திவிடுங்கள். பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடாதீர்கள். நான் அப்படி ஆடி, அந்த விளையாட்டின் இசையைக் கேட்டாலே குமட்டும் அளவுக்குப் போனேன். தினமும் 10 நிமிடத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பயண மாத்திரைகள் பலவும் தூக்கம் தருபவை, டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

கேட்டவர், 4 நாள் கழித்து:
நேற்று 40 நிமிடம் ஆடினோம்! பாபிங்கை அணைத்ததில்தான் பெரிய வித்தியாசம். 90 வைத்தால் ஓரங்கள் இழுபட்டுத் தெரிந்தன, 80 எனக்குச் சரி. ஆனால் விளையாட்டில் நெதர் என்ற வேறோர் உலகுக்குப் போகும் வாசலில் நின்றால் திரையே நெளிகிறது, கண்ணை மூடிக்கொள்கிறேன்.

பதில் 1:
அதே அக்சஸிபிலிட்டி பக்கத்தில் 'டிஸ்டார்ஷன் எஃபெக்ட்ஸ்' இருக்கும், அதையும் பூஜ்யமாக்குங்கள். நெளிவு போய்விடும். விளையாட்டில் பஃபர்ஃபிஷ் என்ற மீனைத் தின்றால் வரும் திரை ஆட்டமும் வெறும் பச்சைப் படலமாக மாறிவிடும்.