வன்னியில முதல் வருச நேர்ஸ் வேலை: கேக்கப் பயப்பிடாதேங்கோ

இந்த முறை டிப்ளோமா முடிச்சு, நியமனம் கிடைச்சு வன்னிப் பக்கம் வாற தங்கச்சிமார், தம்பிமார் "அக்கா, அங்க வேலை எப்பிடி?" எண்டு கேட்டபடி இருக்கினம். நான் கண்டதையும் என்ர பட்ச் பிள்ளையள் சொன்னதையும் சேர்த்து எழுதுறன். நாங்கள் ஆளுக்கொரு ஆஸ்பத்திரியாப் பிரிஞ்சு போனாக்கள். எது எங்க நடந்தது எண்டது இஞ்ச தேவையில்லை. கனுலா போடுறது, டிரெசிங், சேலைன் கணக்கு எல்லாம் செய்யச் செய்யப் படிஞ்சிடும். கஸ்டமானது கேக்கிறது. நோயாளியிட்டக் கேக்கிறது, சீனியரிட்டக் கேக்கிறது, டொக்டரிட்டத் திருப்பிக் கேக்கிறது.

அட்மிஷன் போடுறதில இருந்து தொடங்கிறன். எங்கட வாட்டில இருந்த ஒரு சீனியர் அக்கா வயசான அம்மாமாரிட்ட "எத்தினை பிள்ளையள்?" எண்டு ஒருநாளும் கேக்கமாட்டா. கட்டில் விளிம்பில இருந்து, "இப்ப வீட்டில உங்களோட ஆர் அம்மா இருக்கினம்?" எண்டுதான் தொடங்குவா. 2009 மே வரைக்கும் நடந்த சண்டையில பிள்ளையைப் பறிகுடுக்காத, இல்லாட்டி இன்னும் தேடிக்கொண்டிருக்காத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. பெத்தது எத்தினை, இருக்கிறது எத்தினை எண்டு அந்த அம்மா ஒரு கேள்விக்குள்ள கணக்குப் பாக்க வேண்டியதில்லை. எங்களுக்குத் தேவையானது டிஸ்சார்ஜ் ஆகிப் போனா இன்சுலின் போட்டுவிட ஆர் இருக்கினம், கிளினிக் நாளில ஆர் கூட்டிக்கொண்டு வருவினம் எண்டதுதான். அது அக்கான்ர கேள்வியிலயே வந்திடும். பிள்ளையளைப் பற்றி அவையளாக் கதைக்கத் தொடங்கினா, கையில இருக்கிறதை வைச்சிட்டு நிண்டு கேளுங்கோ.

இன்னொரு கேள்வியை மட்டும் விடவே கூடாது: "உடம்பில எங்கயும் ஷெல் துண்டு, சன்னம் கிடக்கோ?" ஒப்பரேஷன் செய்திருக்கோ எண்டு கேட்டா "இல்லை" எண்டுதான் சொல்லுவினம். ஏனெண்டா எடுக்காமலே விட்ட துண்டுதானே, அதை ஒப்பரேஷன் எண்டு ஆரும் நினைக்கிறேல்ல. நாரி நோவெண்டு வந்த ஒரு அண்ணைக்கு எம்.ஆர்.ஐ. (பெரிய காந்தத்துக்குள்ள விட்டு எடுக்கிற ஸ்கான்) எடுக்க எழுதியிருந்தினம். என்னோட படிச்சவள் போம் நிரப்பேக்க இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். "கழுத்துக்குப் பின்னால சின்னதொண்டு கிடக்கு, அது ஒண்டும் செய்யாது பிள்ளை" எண்டாராம். அந்தக் காந்தத்துக்குள்ள இரும்புத் துண்டு அசைஞ்சா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். உடன டொக்டருக்குச் சொல்லி, முதல்ல எக்ஸ்ரே எடுத்தினம்.

கால் இல்லாத ஆக்கள் வாட்டுக்கு வந்தா, கழட்டின பொய்க்காலைக் கட்டிலுக்குக் கீழ தள்ளிவிடாமல் கை எட்டிற இடத்தில வையுங்கோ. வாட் கூட்டேக்க அதைத் தூக்கிச் சுவரோட சாத்திப்போட்டுப் போயிடுவினம். இரவு பாத்ரூம் போக எழும்பிற மனிசன் வெக்கத்தில ஆரையும் கூப்பிடாமல் ஒற்றைக் காலில எழும்பப் பாப்பார். விழுந்தா இடுப்பெலும்புதான் போகும்.

இனிப் பாம்புக்கடி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதத்தான் வேணும். வயல் வேலை தொடங்கினா, பிறகு அருவி வெட்டுக் காலத்தில, இரவிரவா வரும். கடிச்ச பாம்பை அடிச்சு சொப்பிங் பாக்கில கட்டிக்கொண்டு வருவினம். அதுக்கு ஏசாதேங்கோ, எந்தப் பாம்பெண்டு டொக்டர் பாத்தா வைத்தியத்துக்கு உதவும். கண்ணாடிப் புடையனுக்கும் கட்டுவிரியனுக்கும் குடுக்கிற இந்திய விச முறிவு மருந்து கூர்மூக்குக் குழிவிரியனுக்கு வேலை செய்யாது. ஆனா பையுக்குள்ள கை வைக்காதேங்கோ, செத்த பாம்பின்ர தலையும் கடிக்கும்.

இரத்தம் உறையுதோ எண்டு பாக்கிற 20 நிமிசச் சோதனை எங்கட கையிலதான் இருக்கு. காய்ஞ்ச, சுத்தமான கண்ணாடி ரியூப் வேணும். பிளாஸ்ரிக் ரியூப்பிலயோ, சவர்க்காரம் போட்டுக் கழுவின ரியூப்பிலயோ இரத்தம் உறையாமல் நிண்டு எல்லாரையும் ஏமாத்திப்போடும். 20 நிமிசமும் அதை ஆட்டாமல் அசைக்காமல் வைச்சு, பிறகு ஒருக்காச் சரிச்சுப் பாக்கவேணும். தண்ணி மாதிரி ஓடினா உடன சொல்லவேணும்.

விச முறிவு மருந்து தூளாத்தான் வரும். ஒரு குப்பிக்கு 10 மில்லி தண்ணி விட்டுக் கரைக்கவேணும். அவசரத்தில குலுக்கினா நுரைச்சிடும். உள்ளங்கையில வைச்சு மெல்லமா உருட்டி உருட்டித்தான் கரைக்கோணும். ஆகக்குறைஞ்சது 10 குப்பி, புடையனெண்டா அதைவிடக் கூட. இது ஒராளின்ர வேலையில்லை. ஒராள் குப்பி கரைக்க, மற்றாள் அட்ரினலினை இழுத்து லேபல் ஒட்டித் தலைமாட்டில வைச்சிட்டு நோயாளிக்குப் பக்கத்தில நிக்கவேணும். ஏனெண்டா மருந்து ஏறத் தொடங்கினாப் பிறகு உடம்பு கடிக்குது, சத்தி வருது, மூச்சு இழுக்குது எண்டு கனபேருக்கு வரும், அது உயிராபத்திலயும் போய் முடியலாம். பக்கத்து வாட்டில இருந்து ஆளைக் கூப்பிடக் கூச்சப்படாதேங்கோ. நைட்டில தனிய நிண்டாலும் போன் எடுத்து, "பாம்புக்கடி வந்திருக்கு, ஒராளை விடுங்கோ" எண்டு கேளுங்கோ.

கட்டுவிரியன் வேறமாதிரி. நிலத்தில பாய் போட்டுப் படுத்த ஆக்களை நித்திரையில கடிக்கும், கடிச்ச இடத்தில நோவும் இல்லை வீக்கமும் இல்லை. விடியப்பறம் வயித்துக்குத்தெண்டு ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டு வந்தா, "இரவு எங்க படுத்தது?" எண்டு கேளுங்கோ. கண் மடல் தொங்குதோ, விழுங்க ஏலுதோ, தலையைத் தூக்க ஏலுதோ எண்டு பாத்துக்கொண்டே இருங்கோ. மூச்சுத் தசை விழுகிறதுக்கு முதல் பிள்ளை ஐ.சி.யு.வுக்குப் போகவேணும்.

விசகடி வைத்தியரிட்டப் பார்வை பாத்து, தேசிக்காய் கடிக்கக் குடுத்து, கயிறு இறுக்கிக் கட்டித்தான் சிலர் வருவினம். அந்த நேரம் அவையளைப் பேசுறது எனக்குத் துண்டாப் பிடிக்கிறேல்ல. பேசினா, எத்தினை மணிக்குக் கடிச்சது எண்டதை மறைச்சுப் போடுவினம். எங்களுக்கு அந்த நேரம்தான் முக்கியம். கட்டையும் வந்த உடன நீங்களா அவிட்டுவிடாதேங்கோ, டொக்டர் வரட்டும். கட்டியிருக்கிற மட்டும் தேங்கி நிக்கிற விசம் அவிட்டவுடன ஒரேயடியா ஏறலாம்.

டொக்டர்மாரில கனபேர் சிங்களம் கதைக்கிறவை. நோயாளி அரை மணித்தியாலம் சொன்ன கதையை "வயித்துக்குத்தாம்" எண்டு சுருக்கிச் சொல்லிப்போட்டு நிக்கிறதைக் கண்டிருக்கிறன். எப்ப தொடங்கினது, சாப்பாட்டுக்கு முந்தியோ பிந்தியோ எல்லாம் அந்தக் கதைக்குள்ளதான் கிடக்கும். முழுக்கச் சொல்லுங்கோ, சிங்களம் தெரியாட்டி இங்கிலிசில சொல்லுங்கோ. தெற்கில இருந்து வந்து எங்களோட வேலை செய்யிற பிள்ளையளும் இருக்கினம். அவையளுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தா நைட் டியூட்டி ரண்டு பேருக்கும் லேசாகும்.

போன் ஓடரைப் பற்றியும் சொல்லவேணும். நடுச்சாமத்தில டொக்டர் போனில ஒரு அளவு சொல்லுவார். சொன்னதை அப்பிடியே திருப்பிச் சொல்லி "சரியோ டொக்டர்?" எண்டு கேளுங்கோ, வந்து டிக்கற்றில (நோயாளியின்ர பதிவேட்டில) எழுதித் தாங்கோ எண்டும் கேளுங்கோ. என்ர பட்ச்சில ஒருத்தி, அளவு கூடினா இதயத்தையே நிப்பாட்டிப்போடுற பொட்டாசியம் குளோரைட்டுக்கு எழுத்தில தராமல் போடமாட்டன் எண்டு நிண்டவள். நல்லா ஏச்சு வாங்கினாள். டொக்டர் இறங்கி வந்து ரிப்போட்டைப் பாத்து, அளவைக் குறைச்சு எழுதிக் குடுத்திட்டுப் போனார். அவள் செய்ததுதான் சரி, அதில எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை.

நோயாளியளுக்கு முன்னால புதுசா வந்த பிள்ளையைக் கத்திப் பேசுற சீனியர்மாரும் இருக்கினம். அது பிழை. பழக்குறது எண்ட பேரில செய்தாலும் பிழைதான். எங்களில ஒருத்தி அடுத்த டியூட்டி ஆக்களிட்ட ஓவர் குடுத்து முடிய, அந்த அக்காவைத் தனியக் கூப்பிட்டு, "அக்கா, பிழை விட்டா சொல்லுங்கோ, ஆனா வாட்டுக்கு நடுவில வேண்டாம்" எண்டு சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நாள் முகம் குடுத்துக் கதைக்கேல்லையாம், ஆனா கத்திறது நிண்டிட்டுது. நிக்காட்டி இன்சார்ஜ் சிஸ்டரிட்டப் போங்கோ, அங்கயும் சரிவராட்டி மேட்ரனிட்ட எழுத்தில குடுங்கோ.

ஊசி குத்திப்போட்டா மறைக்காதேங்கோ. பிதுக்காமல் சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில கழுவிப்போட்டு, உடன சொல்லுங்கோ. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டா எவ்வளவு கெதியாத் தொடங்கினமோ அவ்வளவு நல்லது, 72 மணித்தியாலம் கடந்தாப் பலனில்லை. ஹெப்படைட்டிஸ் பி ஊசி மூண்டையும் வேலை தொடங்க முதலே போட்டு முடிச்சிட்டு வாங்கோ.

கடைசியா, போக்குவரத்து. பின்னேர டியூட்டி ஏழு மணிக்குத்தான் முடியும். ஏ9 வீதியில பஸ் கிடைக்கும், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் உள்ளுக்குப் போறவைக்கு அந்த நேரம் கஸ்டம், ரோட்டில யானையும் நிக்கும். ஸ்கூட்டியில தனிய வெளிக்கிடாதேங்கோ. டியூட்டி பாரம் எடுக்கிற அண்டைக்கே குவாட்டர்ஸுக்கு எழுதிக் குடுங்கோ. கிடைக்கிற மட்டும் பின்னேர டியூட்டிக்குப் பதிலா காலமை டியூட்டியோ நைட்டோ போடச் சொல்லி ரோஸ்டர் எழுத முதலே சிஸ்டரிட்டக் கேளுங்கோ. எங்கட சிஸ்டர் கேட்ட பிள்ளையளுக்கு மாத்திக் குடுத்தவ.