வளசரவாக்கம் – பெருங்குடி, தினமும் 40 கிமீ: பவர் உள்ள மின்ஸ்கூட்டர் எடுக்கலாமா? டெஸ்ட் ரைடில் மூன்று சந்தேகம்

வளசை_ரைடர்

வணக்கம். வளசரவாக்கத்திலிருந்து பெருங்குடி போய்வர 40 கிமீ. பாதி நாள் பின்னால் ஆள் இருக்கும். என் எடை 78 கிலோ, பின்னால் உட்காருபவர் 62. பாதையைச் சொல்ல வேண்டியதில்லை: மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடின இடங்கள், குழியின் மேல் போட்ட இரும்புத் தகடுகள், தார் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே கிடக்கும் பாதாளச் சாக்கடை மூடிகள், ஒட்டுப்போட்ட ரோடு. ரோடு மோசம் என்பதால் பவர் கூடுதலாக, 6 கிலோவாட்டுக்கு மேல் உள்ள வண்டியாகப் பார்க்கிறேன்.

ஒரு ஷோரூமில் டெமோ வண்டியை ஓட்டினேன். ஓடோமீட்டரில் 7,200 கிமீ. ஒரே வண்டியை வைத்து மாடலைக் குறை சொல்லக்கூடாது என்பதால் பிராண்ட் பெயர் வேண்டாம். கவனித்தவை:

1. இருவர் போகும்போது பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் 'டொம்' என்று அடிக்கிறது. தனியாகப் போனால் இல்லை.
2. சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் முன்பக்கம் 'டக் டக்' சத்தம்.
3. 30 கிமீ வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஒரு நொடி இழுவை நின்று திரும்ப வந்தது. திரை அணையவில்லை.

இவை மாடலின் குணமா, அந்த ஒரு வண்டியின் கோளாறா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கிண்டி_ஒர்க்ஷாப்

மூணாவதுல இருந்து வரேன் ப்ரோ, அதுதான் ஆபத்து. திரை அணையாம இழுவை மட்டும் போச்சுன்னா பேட்டரி மேல பழி போடாதீங்க. முதல் சந்தேகம் சைடு ஸ்டாண்டு. ஸ்டாண்டு இறங்கினா மோட்டாருக்குப் பவர் போகாதபடி அங்க ஒரு சென்சார் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, பிவட்ல சேறு புடிச்சிருந்தாலோ, பள்ளத்துல விழும்போது ஸ்டாண்டு ஒரு விரல் அளவு கீழ குதிக்கும். சென்சார் அதை 'ஸ்டாண்டு இறங்கிடுச்சு'ன்னு எடுத்துக்கும். அந்த நேரம் திரையில ஸ்டாண்டு படம் மின்னுதான்னு பாருங்க. வண்டியை சென்டர் ஸ்டாண்டுல போட்டு, மடக்கி வெச்ச சைடு ஸ்டாண்டைக் கையால கீழ தட்டிப் பாருங்க. தொளதொளன்னு இருந்தா அதுதான்.

ரெண்டாவது பிரேக் லிவர் சுவிட்ச். பிரேக் புடிச்சா மோட்டார் கட் ஆகணும். சுவிட்ச் லூஸா இருந்தா பிரேக் புடிக்காமலே கட் ஆகும். பின்னாடி ஒருத்தர் போன்ல வீடியோ எடுக்கட்டும், பள்ளத்துல பிரேக் லைட் தானா மின்னினா தெரிஞ்சிடும்.

திரையே அணைஞ்சு மறுபடி வந்தா மட்டும், திரைக்கும் லைட்டுக்கும் போற 12 வோல்ட் பக்கம் போங்க. துணை பேட்டரி டெர்மினல், பெரிய பேட்டரி வோல்ட்டைக் குறைச்சு 12 ஆக்குற டிசி-டிசி கன்வெர்ட்டரோட கனெக்டர் ரெண்டும்தான் ரோட்டு அதிர்வுல முதல்ல கழலும்.

சிலர் ஸ்டாண்டு சென்சாரை பைபாஸ் பண்ணித் தரேன்னு சொல்லுவாங்க. பண்ணாதீங்க. ஸ்டாண்டு மடக்காமக் கிளம்பி லெஃப்ட்ல திரும்பினா ஆளைத் தூக்கிப் போட்டுரும்.

சுருள்வில்

பவர் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் வரும் எண் உச்சத் திறன், சில நொடிகளுக்கு மட்டும். உங்களுக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள். வண்டி 112 கிலோ, நீங்கள் இருவர் 140 கிலோ, மொத்தம் 250 கிலோ பக்கம். சமதளத்தில் 40 கிமீ வேகத்தில் போக டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் சேர்த்து 1 கிலோவாட் போதும். 4 சதவீதச் சரிவுள்ள மேம்பாலத்தில் அதே வேகத்துக்கு 2 கிலோவாட். 60 கிமீ வேகத்தில் அதே பாலம் ஏறினால்தான் 4 கிலோவாட் தொடும். ஆக 4.4 கிலோவாட் உச்சத் திறன் உள்ள டிவிஎஸ் ஐக்யூப் கூட உங்கள் பாதையில் திணறாது. 6.4 கிலோவாட் ஏதர் 450எக்ஸ் எடுத்தால் ஓவர்டேக்கிற்கு நன்றாக இருக்கும். பள்ளத்தில் உதவாது. பள்ளத்தில் உங்களைக் காப்பாற்றுவது டயரின் உயரமும் ஷாக்கும்.

டயர் கணக்கு: முதல் எண் அகலம் மிமீ-இல், இரண்டாவது பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், கடைசி எண் ரிம் விட்டம் அங்குலத்தில். 90/90-12 என்றால் பக்கச்சுவர் 81 மிமீ, முழு விட்டம் 467 மிமீ. 110/70-12 பார்க்கத் தடிமனாக இருக்கும், ஆனால் பக்கச்சுவர் 77 மிமீ, விட்டம் 459. அதாவது அகலமான டயர் போட்ட வண்டி பள்ளத்தில் கொஞ்சம்கூட மேல் இல்லை. ரிவர் இண்டி என்ற மின்ஸ்கூட்டரின் முன் டயர் 110/70-14. அதன் விட்டம் 510 மிமீ. இரண்டு அங்குலம் இறங்கிய சாக்கடை மூடியின் விளிம்பில் 90/90-12-ஐ விடக் கூடுதலான இந்த 43 மிமீ வித்தியாசம் கைப்பிடியிலேயே தெரியும். அந்த வண்டி கனம் அதிகம், நெரிசலில் தள்ளி நிறுத்தும்போது கை வலிக்கும். அதையும் ஓட்டிப் பாருங்கள்.

இனி உங்கள் 'டொம்'. பின் ஷாக் முழுக்க அமுங்கி அடியில் உள்ள ரப்பரில் மோதுகிறது என்று நினைக்கிறேன். ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். ஒரு டேப்பும் உதவிக்கு ஒருவரும் போதும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரம் தொங்கும்போது, அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே பாடியில் ஒரு புள்ளி குறித்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு தரையில் நிறுத்தி நீங்கள் மட்டும் உட்கார்ந்து, அடுத்து இருவரும் உட்கார்ந்து, அதே இரண்டு புள்ளிக்கு நடுவே அளக்கவும். ஒவ்வொரு முறையும் வண்டியை இரண்டு தடவை அமுக்கி விட்டுவிட்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் ஷாக்கின் உள்உராய்வு 4, 5 மிமீ பொய் சொல்லும். பின்சக்கரப் பயணம், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம், மொத்தம் எவ்வளவு என்று சர்வீஸ் ஆளிடம் கேளுங்கள். தனியாக உட்கார்ந்தால் மொத்தப் பயணத்தில் 25 முதல் 33 சதவீதம் இறங்குவது சரி. இருவருக்கும் பாதியைத் தாண்டினால் பள்ளத்துக்கு மிச்சம் வைக்கவில்லை என்று அர்த்தம்.

கிண்டி_ஒர்க்ஷாப்

முன்பக்க 'டக் டக்' விட்டுப்போச்சு. மூணு இடத்துல இருந்து வரலாம்.

அதே மாதிரி ரோட்ல போகும்போது முன் பிரேக்கை லேசா தொட்டுக்கிட்டே போங்க, வேகம் குறையாத அளவுக்கு. சத்தம் நின்னா காலிப்பர்ல, அதாவது டிஸ்க்கைப் புடிக்கிற பகுதியில, பிரேக் பேட் ஆடுது. அது சும்மா சத்தம்தான், பயப்பட வேண்டாம்.

நிக்கலன்னா, வண்டியை நிறுத்தி முன் பிரேக்கை இறுக்கிப் புடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க. ஃபோர்க் சேசிஸ்ல சேர்ற இடத்துல இன்னொருத்தர் விரலை வைக்கட்டும். அங்க 'டக்'னு ஆட்டம் தெரிஞ்சா கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புற பேரிங், லூஸ். டைட் பண்ணினா சரியாகும். ஆனா டைட் பண்ற முன்னாடி முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவா லெஃப்ட் ரைட் திருப்புங்க. நேரா வர்ற இடத்துல பள்ளத்துல உக்கார்ற மாதிரி ஒரு தடங்கல் இருந்தா ரேஸ்ல, அதாவது பேரிங் குண்டு உருளுற வளையத்துல, குழி விழுந்துடுச்சு, டைட் பண்ணிப் பிரயோஜனம் இல்ல, செட்டே மாத்தணும்.

ஸ்பீடு பிரேக்கரை விட்டு இறங்கும்போது மட்டும் சத்தம்னா ஃபோர்க் முழுசா நீளுற முனையில தட்டுது. ஆயில் கசிவு இருக்கான்னு பாருங்க.

டெமோ வண்டி 7,000 ஓடினது நல்லதுதான். புது வண்டியில இது எதுவும் தெரியாது.

ஓஎம்ஆர்_மின்சாரம்

ஒருத்தரும் மோட்டார் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லையே. சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டார் என்றால் அந்தக் கனம் முழுக்கச் சக்கரத்தோடு போகிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே கனம் கூடக்கூட, சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் பட்டு எழும்பினால் திரும்பத் தரையைத் தொட நேரமாகும். தொடர்ச்சியான ஒட்டுத் தாரில் பின்பக்கம் தத்துவது இதனால்தான். ஏதர் போல மோட்டார் சேசிஸில் இருந்து பெல்ட்டில் ஓடுவதுதான் கெட்ட ரோட்டுக்குச் சரி.

கிண்டி_ஒர்க்ஷாப்

பாதிதான் ஒத்துக்கறேன் சார். சவாரி விஷயத்துல நீங்க சொல்றது சரி. ஆனா மெட்ரோ வேலை நடக்கிற இடத்துல ஜல்லி சிதறிக் கிடக்கும். ஒரு சின்னக் கல்லு பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல மாட்டினா பல்லு வெட்டும். செயின்னா சேறும் மணலும் சேர்ந்து அரைச்சிடும், மழைக்காலத்துல அடிக்கடி கழுவி ஆயில் போடணும். ஹப்ல இந்த வேலை இல்ல. அதுல வேற தொல்லை: பின்சக்கரத்தைக் கழட்டணும்னா மூணு ஃபேஸ் வயரும் சென்சார் கனெக்டரும் கழட்டணும், தெருமுனை பஞ்சர் கடையில தொடவே பயப்படுவாங்க. டியூப்லெஸ் பஞ்சரை வண்டியிலேயே திரி போட்டு அடைச்சிடலாம். ரிம் நெளிஞ்சாத்தான் சிக்கல்.

பெல்ட் வண்டி எடுத்தா கீழ் கவர் முழுசா மூடியிருக்கான்னு குனிஞ்சு பாருங்க.

வளசை_ரைடர்

எல்லாருக்கும் நன்றி. அதே டெமோ வண்டியை மறுபடி எடுத்து அளந்தேன். மோட்டார் சேசிஸில், பெல்ட் வண்டி. முடிவு:

பின்சக்கரம் தொங்கும்போது 402 மிமீ. நான் மட்டும் 378. இருவரும் 353. மொத்தப் பயணம் 80 மிமீ என்றார்கள். முன் சத்தம் பிரேக்கைத் தொட்டதும் நின்றுவிட்டது. பள்ளத்தில் இழுவை போன அதே நொடியில் ஸ்டாண்டு படம் மின்னியது, கையால் தட்டினாலும் ஸ்டாண்டு ஆடுகிறது.

ஷோரூம் ஆள் ஷாக்கின் ஸ்பிரிங்கைத் தாங்கும் காலரை இரண்டு படி ஏற்றிக் கொடுத்தார். இப்போது தனியாக 385, இருவர் 361. 'டொம்' ஒரே ஒரு பெரிய பள்ளத்தில் மட்டும் வந்தது. ஆனால் தனியாகப் போனால் இடுப்பில் குத்துகிறது.

சுருள்வில்

அருமையான அளவு. முதலில் தனியாக 24 மிமீ இறங்கியது, 80-இல் 30 சதவீதம். இருவருக்கு 49 மிமீ, 61 சதவீதம். பள்ளத்துக்கு 31 மிமீதான் மிச்சம். 'டொம்' அடிக்காமல் என்ன செய்யும்?

காலர் ஏற்றிய பின் 17 மிமீ, 41 மிமீ. ஒன்றைக் கவனியுங்கள்: ஒருவருக்கும் இருவருக்கும் உள்ள வித்தியாசம் முன்பு 25 மிமீ, இப்போது 24. அதாவது ஸ்பிரிங் கொஞ்சமும் கடினமாகவில்லை. காலர் ஏற்றினால் வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். பலர் இதை 'ஷாக் டைட் பண்ணியாச்சு' என்று சொல்லி நான்கு படி ஏற்றிவிடுவார்கள். அப்புறம் தனியாகப் போகும்போது சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கவே இடம் இருக்காது, மேல் முனையில் தட்டும். உங்கள் இடுப்புக் குத்தலுக்கும் இதுதான் காரணம்.

பாதி நாள் ஆள் உண்டு என்பதால் பழைய நிலையிலிருந்து ஒரு படி மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். இருவர் போகும் நாளில் பெரிய பள்ளத்தில் ஒன்றிரண்டு தட்டு வரும், பரவாயில்லை. இரட்டை ஷாக் வண்டி என்றால் இரு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும்.

தரை இடைவெளியும் இதே கணக்குதான். காட்டலாகில் உள்ள 165, 170 மிமீ ஆள் ஏறாத வண்டிக்கு. இருவர் ஏறினால் நடுப்பகுதி 30 மிமீ போலக் கீழே வரும். ஐஆர்சி (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) தரப்படி கட்டிய ஸ்பீடு பிரேக்கர் 10 செமீ உயரம், 3.7 மீட்டர் நீளம். அதில் எந்த ஸ்கூட்டரும் தட்டாது. தெருவில் இருப்பது அதே உயரம், ஓரடி நீளம். வீல்பேஸ் (இரு சக்கர அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) 1,300 மிமீ உள்ள வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே அது வந்து நிற்கும், கால்வைக்கும் தளத்துக்கு அடியில் பேட்டரி இருந்தால், தட்டும்போது அடி அங்கேதான். குனிந்து அடித்தகட்டைப் பாருங்கள். டெமோ வண்டியின் தகட்டில் கீறல் எங்கே விழுந்திருக்கிறது என்பதே பதில்.

ஓஎம்ஆர்_மின்சாரம்

இன்னும் இரண்டு. ஐபி67 என்றால் அந்த உறுப்பை 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வைத்துச் சோதித்தார்கள் என்று பொருள். பேட்டரிக்கு ஐபி67 இருப்பதால் வண்டியே மிதக்கும் என்று வேளச்சேரித் தண்ணீரில் இறக்க வேண்டாம். வயரிங் கனெக்டர்கள், சக்கர பேரிங், சார்ஜிங் துளை எல்லாம் வேறு கதை. முழங்கால் நீரில் போய் வந்தால் அன்றைக்கு ராத்திரி சார்ஜ் போடாமல் காயவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது ரீஜென், அதாவது மோட்டாரே பிரேக் போலப் பிடித்துப் பேட்டரிக்குச் சார்ஜ் அனுப்புவது. ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்சக்கரம் மட்டும் பிடிக்கும். மழையில் இரும்புத் தகட்டின் மேல் சட்டென விட்டால் பின்பக்கம் வழுக்கும், அங்கே குறைந்த ரீஜென்னில் போவது நல்லது. காலையில் 100 சதவீதச் சார்ஜில் கிளம்பினால் பேட்டரிக்கு ஏற்க இடம் இல்லாததால் ரீஜென் குறைவாகவே இருக்கும். அதையே நம்பிப் பழகியவர்கள் முதல் சிக்னலில் கொஞ்சம் முன்னால் போய் நிற்பார்கள். உங்கள் 40 கிமீக்கு, கிமீக்கு 35 வாட்-மணி வைத்தால் 1.4 கிலோவாட்-மணி. 3 கிலோவாட்-மணி பக்கம் உள்ள பேட்டரியே தாங்கும். 80, 90 சதவீதத்தில் நிறுத்தினாலும் போதும்.

வளசை_ரைடர்

ஸ்டாண்டு ஸ்பிரிங் மாற்றின பிறகு ஒருமுறை ஓட்டிப் பார்த்து முடிவு செய்கிறேன். 14 அங்குல வண்டியும் ஓட்டப் போகிறேன். கடைசியாக: டயர் காற்று எவ்வளவு வைப்பது? பங்க்கில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கிண்டி_ஒர்க்ஷாப்

ஸ்விங் ஆர்ம்லயோ சீட்டுக்கு அடியிலயோ ஸ்டிக்கர் இருக்கும் ப்ரோ, தனியா போனா எவ்வளவு, ஆள் இருந்தா எவ்வளவுன்னு. அதுக்கு மேல வெச்சா மைலேஜ் கூடும்னு வைக்காதீங்க, பள்ளத்துல பந்து மாதிரி குதிக்கும். கம்மியா வெச்சா மூடி விளிம்புல டயர் நசுங்கி அலாய் ரிம் அடி வாங்கும். பங்க் மீட்டரை நம்பாம சொந்தமா ஒரு கேஜ் வாங்கிக்கங்க, காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி அளங்க. ஓடின டயர்ல ரெண்டு மூணு பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். டெலிவரி எடுக்கும்போதும் அளங்க, ஷோரூம்ல இருந்து வர்ற வண்டியில காத்து அதிகமா இருக்கலாம்.

வாராவாரம் ஒரே டயர்ல மட்டும் காத்து இறங்கினா ஆணி தேடாதீங்க. ரிம் விளிம்பைச் சுத்தி விரலால தடவுங்க. குழி தட்டுற இடத்துல சோப்புத் தண்ணி ஊத்தினா நுரை கிளம்பும்.