புதுப்பிப்பு: அந்த எஸ்0சி7 விஷயம்

போன மாதம் எழுதியிருந்தேன்: எங்கள் மெயின்ஃப்ரேமில் (பெரிய நிறுவனங்கள் ஓட்டும் பெரிய கணினி) இரவில் தானாக ஓடும் பேட்ச் ஜாப் எஸ்0சி7 (எண் அல்லாததை வைத்துக் கணக்குப் போட முயன்றால் வரும் பிழைக் குறியீடு) என்று விழுந்தது, கையேட்டில் "சப்போர்ட்டைக் கூப்பிடவும்" தவிர ஒன்றுமில்லை.

சரி, இப்போது தீர்ந்தது. எண் இருக்க வேண்டிய ஃபீல்டில் வெறும் ஸ்பேஸ். டம்ப்பில் (ஜாப் விழுந்தபோது மெமரியில் இருந்ததன் நகல்) 40 40 40 என்று வரிசையாக நின்றது; அங்கே 40 என்றால் ஸ்பேஸ். கோபோல் ப்ரோகிராமில் கணக்குப் போடும் முன்பே உள்ளே இருப்பது எண்தானா என்று நியூமெரிக் சோதனை வைத்துவிட்டோம். எந்த ரெக்கார்டு, எந்த ஃபீல்டு, உள்ளே என்ன இருந்தது, எல்லாம் ஸ்பூலிலேயே (ஜாபின் அவுட்புட் வந்து சேரும் இடம்) தெரிகிறது.

கையேட்டில் நான் பிடிவாதமாகச் சேர்த்தது ஒரே வரி: ஜாபை அப்படியே மறுபடி ஓட்டலாமா, கூடாதா. இரவு 2 மணிக்கு ஆபரேட்டர் தம்பிக்கு வேண்டியது அதுதான். பெங்களூரு மாரத்தஹள்ளியிலிருந்து நான் கேப் பிடித்து ஓட வேண்டாம்.

அடுத்த பிழைக் குறியீடு 013-18. பிடிஎஸ்ஸில் (பல மெம்பர்களை, அதாவது தனித்தனிக் கோப்புகள் போன்றவற்றை, ஒன்றாக வைக்கும் டேட்டாசெட்) ஜாப் கேட்ட மெம்பரே இல்லை என்று அர்த்தம். அதையும் தமிழில் பேசுவதுபோல் எளிமையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.