தக்காளிக்கு வந்த புது நச்சுயிரி: ‘கண்டறிதல்’ ஒன்று போதுமா?

வணக்கம் ஐயா,

நம் தமிழ்க் கலைச்சொல் பட்டியலில், தக்காளியைத் தாக்கும் டொமேட்டோ பிரவுன் ருகோஸ் ஃபுரூட் வைரஸுக்குத் ‘தக்காளிப் பழுப்புச் சுருக்க நச்சுயிரி’ போதாதா என்று கேட்டிருந்தீர்கள். முக்கால்வாசி சம்மதம். ‘சுருக்கம்’ மட்டும் உறுத்துகிறது, காய் அளவில் சிறுத்துப்போனாலும் சுருங்கிவிட்டது என்றுதானே சொல்வோம்? நோய் கண்ட பழத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சிவந்திருக்கும், நடுவே பழுக்காத மஞ்சள் திட்டுகள் நிற்கும், அங்கங்கே தோல் பழுப்பேறி மடிப்பு மடிப்பாகச் சொரசொரவென்று விரலில் தட்டும். ‘நரை திரை’ என்கிறோமே, அந்தத் திரைதான் இது. சினிமாத் திரையோடு குழம்பும் என்றால் வினைத்தொகையாக்கி, ஊறுகாய் போல ‘திரைகனி’ என்று வல்லினம் மிகாமல் எழுதிவிடலாம்: தக்காளிப் பழுப்புத் திரைகனி நச்சுயிரி.

நீளம் கருதிக் கனியை விட்டுவிடலாம் என்று இன்னொரு நண்பர் சொன்னதை ஏற்க முடியவில்லை. தக்காளியிலேயே இலை திரைந்து தேமல் படரும் ருகோஸ் மொசைக் வைரஸ் என்று வேறொன்று உண்டு, அது வெள்ளை ஈ பரப்பும் பெகோமோ பேரினம். நம்முடையது டொபாமோ பேரினம், கை, கத்தி, உடை, விதை என்று தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொண்டு போவது. பெயரில் ‘கனி’ இல்லாவிட்டால் இரண்டும் கலந்துவிடும். பழுப்பா கபிலமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, இலங்கை நண்பர்கள் கபிலம் என்றே எழுதட்டும்.

பெயரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ‘டிடெக்‌ஷன்’. வரைவுப் பட்டியலில் டிடெக்‌ஷன், ஐடென்டிஃபிகேஷன் இரண்டுக்குமே ‘கண்டறிதல்’ என்று போட்டிருக்கிறோம். இந்த நச்சுயிரியைப் பொறுத்தவரை அது பெரிய தவறு, ஏனென்றால் எலைசா என்னும் ஆய்வகச் சோதனையிலும் வயலிலேயே செய்யும் பட்டைச் சோதனையிலும் நச்சுயிரியைப் பிடிக்கப் பயன்படும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பெரும்பாலும் இதன் புரத உறையை மட்டும் பிடிப்பதில்லை, பழைய தக்காளித் தேமல் நச்சுயிரி, புகையிலைத் தேமல் நச்சுயிரி ஆகியவற்றின் உறையையும் சேர்த்தே பிடிக்கும். பட்டையில் கோடு விழுந்தால் டொபாமோ ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். அதைக் கண்டறிதல் என்போம். எது என்று பிரித்துச் சொல்ல ஆர்டி-பிசிஆர் வேண்டும்: ஏறத்தாழ 6,400 காரங்கள் (மரபுச் செய்தியின் ‘எழுத்துகள்’) கொண்ட அதன் ஆர்என்ஏவை முதலில் டிஎன்ஏவாகப் படியெடுத்து, இதற்கு மட்டுமே உரிய ஒரு துண்டைப் பெருக்கிப் பார்க்கிறார்கள். இதை ‘இனங்காணல்’ என்று தனியே வைக்க வேண்டும்.

இது வெறும் சொல் நுணுக்கம் இல்லை. 2014இல் இஸ்ரேலிலும் 2015இல் ஜோர்டானிலும் இது தென்பட்டபோது, பழைய தேமலைத் தடுத்துவந்த டிஎம்-2² மரபணு உள்ள செடிகளிலேயே நோய் கண்டது. அப்படிப்பட்ட ரகத்தில் கோடு விழுந்தால் சந்தேகம் வலுக்கும், ஆனாலும் இனங்காணாமல் உறுதி சொல்ல முடியாது. பட்டைச் சோதனையை மட்டும் செய்துவிட்டு ‘இந்த நச்சுயிரி கண்டறியப்பட்டது’ என்று தமிழில் எழுதினால் படிக்கும் விவசாயி என்ன நினைப்பார்?

அப்புறம் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. தொற்று நீக்கிய விதையிலும் ஆர்என்ஏ தங்கியிருந்து பிசிஆர் ‘உண்டு’ என்று காட்டலாம், அது இன்னும் தொற்றுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விதைச் சாற்றைப் புகையிலைக் குடும்பச் சோதனைச் செடியின் இலையில் தேய்த்துப் புள்ளி விழுகிறதா என்று பார்க்கிறார்கள். இதற்குத் ‘தொற்றுத்திறன் சோதனை’ என்று எழுதியிருக்கிறேன். பயோஅஸ்ஸே என்பதற்கான ‘உயிர்ச்சோதனை’ பொதுச்சொல்லாக இருக்கட்டும், இந்த இடத்தில் அது எதைச் சோதிக்கிறோம் என்பதைச் சொல்லவில்லை.

கண்டறிதல், இனங்காணல், தொற்றுத்திறன் சோதனை என்று மூன்றையும் பட்டியலில் தனித்தனி வரியாகச் சேர்க்கலாமா? மறுப்பு இருந்தால், ஒவ்வொரு சொல்லையும் ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதிக் காட்டுங்கள்.