எழுத்து முடிஞ்சுது, தாலி ஏறேல்லை: வீசா ஃபோமில 'பார்ட்னர்' எண்டால் ஆர்?

வெள்ளவத்தைப் பொண்ணு:
எழுத்து (கல்யாணப் பதிவு) முடிஞ்சுது, தாலிகட்டு ஆவணியில. அவர் அவுஸ்திரேலியாவில, மெல்பேர்னில பீஆர் (நிரந்தர வதிவிடம்). பார்ட்னர் வீசா ஃபோமில எங்கேஜ்ட், மரீட், டி ஃபக்டோ எண்டு மூண்டும் கிடக்கு. வீட்டில எங்கேஜ்ட் எண்டு போடச் சொல்லினம். எது சரி?

கொட்டாஞ்சேனையான்:
மரீட்தான். பதிவாளருக்கு முன்னால ரெண்டு சாட்சியோட கையெழுத்து வைச்ச அண்டைக்கே சட்டப்படி நீங்கள் அவற்றை மனுசி. கல்யாணத் திகதி கேட்கிற இடத்தில சேர்ட்டிஃபிகேட்டில உள்ளதைப் போடுங்கோ, ஆவணித் திகதியை இல்லை. இங்கயிருந்து போடுறபடியால் வீசா இலக்கம் 309, அது தற்காலிகப் பார்ட்னர் வீசா. அதோட நிரந்தர வீசாவான 100உம் ஒரே விண்ணப்பத்தில போகும். எங்கேஜ்ட் ஆக்களுக்கு 300 எண்ட வீசா, எழுத்து முடிச்சவைக்கு அது பொருந்தாது. டி ஃபக்டோ எண்டது ஒருத்தரை ஒருத்தர் கட்டாமல் சேர்ந்து வாழுறவைக்கு. பொதுவா 12 மாச உறவு காட்டவேணும்.

பம்பலப்பிட்டி மாமி:
பிள்ளை, ஆக்கள் வழுக்கி விழுறது ஃபோமில இல்லை, விளக்கக் கடிதத்தில. "தாலி கட்டினாப் பிறகுதான் புருசன் பெண்சாதி" எண்டு எழுதிப்போடுவினம். எங்கட வழக்கத்துக்கு அது சரி. அவங்கட சட்டம் பாக்கிறது, சேர்ந்து வாழுற உறுதி இப்பவே இருக்கோ, பிரிஞ்சிருக்கிறது நிரந்தரமில்லையோ எண்டதை. அதால இப்பிடி எழுதுங்கோ: கல்யாணம் பதிவாயிட்டுது, வழக்கப்படி தாலிகட்டு வரைக்கும் தற்காலிகமாப் பெற்றோர் வீட்டில இருக்கிறன். எழுத்தண்டைக்கு ரெண்டு பக்கத்துப் பெற்றோரும் நிக்கிற படம், அவர் காசு அனுப்பின வங்கிப் பதிவு, மண்டபம் புக் பண்ணின ரசீது, மாசத்துக்கு ஒண்டாக் கோல் பதிவு, இதுகளைச் சான்றா வையுங்கோ. வாட்ஸப் முழுக்க அள்ளிக் கொட்டாதேங்கோ, ஆரும் இருந்து வாசிக்கமாட்டினம். ஃபோம் 888 எண்ட சாட்சிப் படிவத்தை உங்கள் ரெண்டு பேரையும் தெரிஞ்ச, 18 வயசு தாண்டின, அவுஸ்திரேலிய சிட்டிசன் அல்லது பீஆர் ரெண்டு பேர் நிரப்பவேணும். சேர்ட்டிஃபிகேட் தமிழிலயோ சிங்களத்திலயோ எண்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டைக் குடுங்கோ.

தெஹிவளை:
லண்டன், கனடாச் சொந்தக்காரர் சொல்லுறதைக் கேட்டு இதை நிரப்பாதேங்கோ. லண்டனில பார்ட்னர் எண்டதுக்குள்ள கட்டினவை, கட்டாமச் சேர்ந்திருக்கிறவை, நிச்சயம் முடிச்சவை எல்லாரும் அடக்கம். நிச்சயம் முடிச்சவை போய் 6 மாசத்துக்குள்ள கட்டவேணும், அதுவரை வேலை செய்ய விடமாட்டினம். கனடாவில நிச்சயதார்த்தத்துக்கு ஸ்பொன்சரே இல்லை. கட்டியிருக்கவேணும், இல்லாட்டி 12 மாசம் தொடர்ந்து ஒரே வீட்டில இருந்திருக்கவேணும். கன்ஜூகல் பார்ட்னர் எண்டு ஒண்டும் இருக்கு. அது கட்டவோ சேர்ந்திருக்கவோ உண்மையான தடை உள்ளவைக்கு.

வெள்ளவத்தைப் பொண்ணு:
நன்றி மாமி. அப்ப தாலிகட்டுப் படங்கள்?

பம்பலப்பிட்டி மாமி:
ஆவணி வரைக்கும் காத்திருக்காதேங்கோ, இப்பவே போடுங்கோ. படங்களைப் பிறகு இமிஅக்கவுண்டில (வீசா போடுற ஒன்லைன் கணக்கில) ஏத்தலாம்.